ஓடியாடும் உடலுக்கு எவ்வளவு சாப்பாடு? கம்ப்யூட்டரில் கணக்கிடலாம்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் சில வாரங்கள் பாட்டு, படம், கேம்ஸ் என்று ஓடிவிடும். அதன் பிறகுதான், "இதனால் வீட்டுக்கு உபயோகமாக என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வரும். வீட்டில் தினமும் கடுமையாக உடலை வருத்துபவர் ஒருவர் இருந்தால், இதோ ஒரு நல்ல வேலை. காலையிலும் மாலையிலும் கபடிப் பயிற்சிக்குப் போகும் மகன், மாரத்தான் ஓட்டத்திற்குத் தயாராகும் மகள், நாள் முழுவதும் மூட்டை தூக்கும் தம்பி, யாராக இருந்தாலும் சரி. அவருக்குச் சாப்பாடு போதுமா, போதாதா என்பதை ஸ்ப்ரெட்ஷீட் ஒன்றில் நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இது அவசியம்தானா என்று நினைக்கலாம். இன்டர்நெட்டில் "டயட்" என்று தேடினால் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை எடையைக் குறைக்க விரும்புபவர்களுக்காக எழுதப்பட்டவை. உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குச் சொன்ன அளவை, தினமும் மூன்று மணி நேரம் பயிற்சி செய்பவர் பின்பற்றினால் நல்லதற்குப் பதில் கெடுதலே வரும். தொடர்ந்து குறைவாகச் சாப்பிட்டுக் கொண்டே கடுமையாகப் பயிற்சி செய்தால் எலும்பு பலவீனமடையும். அடிக்கடி சளி, காய்ச்சல் பிடிக்கும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்று போகலாம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர் குழு 2014ஆம் ஆண்டு இந்த நிலைக்குத் தனிப் பெயரே கொடுத்து, ஆண்களையும் இது பாதிக்கும் என்று எச்சரித்தது. வயிறு நிறைகிறது என்பதாலேயே உடலுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

என்ன தேவை?

மைக்ரோசாப்ட் எக்ஸெல் இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பை அதன் தளத்திலிருந்து டவுன்லோட் செய்து பதிந்து கொள்ளலாம். அதில் உள்ள கால்க் என்ற புரோகிராம் எக்ஸெல் போலவே செயல்படும். இவற்றுடன் எடை பார்க்கும் மெஷின் ஒன்றும், கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்றும் வேண்டும்.

ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்தவுடன் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒவ்வொரு கட்டமும் ஒரு செல். மேலே ஆங்கில எழுத்துகளும் இடது பக்கம் எண்களும் இருக்கும். இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் செல்லின் பெயர். இரண்டாவது நெட்டு வரிசையில் முதல் செல் என்றால் பி1. இக்கட்டுரையில் ஏ, பி, சி என்று தமிழில் தரப்பட்டிருப்பவற்றை நீங்கள் ஆங்கில எழுத்துகளாகவே டைப் செய்திட வேண்டும்.

முதல் ஷீட்: எவ்வளவு தேவை?

உதாரணமாக, 20 வயது இளைஞர் ஒருவர்; எடை 60 கிலோ, உயரம் 170 செ.மீ.; தினமும் இரு வேளை கபடிப் பயிற்சி செய்கிறார் என்று வைத்துக் கொள்வோம்.

1. ஏ1ல் "எடை", ஏ2ல் "உயரம்", ஏ3ல் "வயது" என்று டைப் செய்திடவும். அவற்றுக்கு நேராக பி1ல் 60, பி2ல் 170, பி3ல் 20 எனத் தரவும்.

2. ஏ4ல் "அடிப்படைத் தேவை" என்று தந்து, பி4ல் =10*பி1+6.25*பி2-5*பி3+5 என்று டைப் செய்து என்டர் தட்டவும். பெண் என்றால் கடைசியில் +5 என்பதற்குப் பதிலாக -161 எனத் தர வேண்டும். எந்த பார்முலாவும் சமக்குறியில்தான் தொடங்க வேண்டும் என்பதை நினைவில் கொள்ளவும். செல்லில் 1567.5 என விடை கிடைக்கும். எந்த வேலையும் செய்யாமல் படுத்தே கிடந்தாலும் இதயத் துடிப்பு, மூச்சு, உடல் சூடு ஆகியவற்றுக்காக ஒரு நாளில் செலவாகும் கலோரி இது. 1990ஆம் ஆண்டு வெளியான மிஃப்லின் செயின்ட் ஜியோர் என்னும் இந்தச் சூத்திரத்தைத்தான் பல ஆன்லைன் கால்குலேட்டர்கள் இன்றும் பயன்படுத்துகின்றன.

3. ஏ5ல் "உழைப்பு எண்" என்று தந்து, பி5ல் 2 எனத் தரவும். பெரும்பாலும் உட்கார்ந்தே இருப்பவருக்கு இந்த எண் 1.4 முதல் 1.69 வரை. ஓடியாடி வேலை செய்பவருக்கு 1.7 முதல் 1.99 வரை. மிகக் கடுமையான உழைப்புக்கு 2 முதல் 2.4 வரை.

4. ஏ6ல் "ஒரு நாள் தேவை" என்று தந்து, பி6ல் =பி4*பி5 என அமைக்கவும். 3135 கலோரி எனக் கிடைக்கும்.

இந்த விடை சரிதானா? ஒத்துப் பார்க்க வழி இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், நம் நாட்டவருக்கான தேவைகளை 2020ஆம் ஆண்டு வெளியிட்டது. (1918ல் நம் குன்னூரில் சிறு ஆய்வுப் பிரிவாகத் தொடங்கி, பின்னர் ஐதராபாத் சென்ற நிறுவனம் இது.) அதன்படி 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு உட்கார்ந்த வேலை என்றால் 2110, மிதமான வேலை என்றால் 2710, கடும் உழைப்பு என்றால் 3470 கலோரி தேவை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு முறையே 1660, 2130, 2720 கலோரி. 3470ஐ 65ஆல் வகுத்து 60ஆல் பெருக்கினால் சுமார் 3200 வருகிறது. நம் கணக்கும் அதை ஒட்டியே இருக்கிறது.

இப்போது ஒரு சின்ன சோதனை செய்து பார்க்கவும். பி5ல் 2ஐ எடுத்துவிட்டு 1.7 எனத் தரவும். பி6ல் உள்ள எண் தானாக 2665 என மாறும். 2.2 எனத் தந்தால் 3449 ஆகும். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 780 கலோரி வித்தியாசம். அதாவது ஒரு வேளைச் சாப்பாடு! உழைப்பு எண்ணை நாம்தான் யூகித்துத் தந்தோம். ஆன்லைன் கால்குலேட்டர்களும் "லேசான பயிற்சியா, கடும் பயிற்சியா?" என்று கேட்டு இதே யூகத்தைத்தான் செய்கின்றன. எனவே கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது என்பதற்காக 3135ஐ வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். இது தொடங்குவதற்கான எண் மட்டுமே. சரியான எண்ணைக் கண்டுபிடிக்கும் வழியை மூன்றாவது ஷீட்டில் பார்ப்போம். பி5ஐ மீண்டும் 2 என மாற்றிவிட்டுத் தொடரவும்.

மாவுச்சத்து, புரதம், கொழுப்பு

கலோரி எண்ணிக்கை மட்டும் போதாது. அது எதிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி, புரதம் ஒரு கிராமுக்கு 4, கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி தரும்.

தினமும் ஒன்று முதல் மூன்று மணி நேரம் கடுமையாகப் பயிற்சி செய்பவருக்கு, எடையில் கிலோவுக்கு 6 முதல் 10 கிராம் வரை மாவுச்சத்து தேவை என்பது விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர்களின் பரிந்துரை. நடுவில் 8 என வைத்துக் கொள்ளலாம். புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை. நாம் 1.6 என எடுத்துக் கொள்வோம்.

5. ஏ7ல் "மாவுச்சத்து" எனத் தந்து, பி7ல் =பி1*8 என அமைக்கவும். விடை 480 கிராம்.

6. ஏ8ல் "புரதம்" எனத் தந்து, பி8ல் =பி1*1.6 என அமைக்கவும். விடை 96 கிராம்.

7. ஏ9ல் "கொழுப்பு" எனத் தந்து, பி9ல் =(பி6-பி7*4-பி8*4)/9 என அமைக்கவும். சுமார் 92 கிராம் என வரும்.

"சோறு சாப்பிட்டால் தொப்பை போடும், சிக்கனும் முட்டையும் மட்டும் போதும்" என்று சொல்பவர்கள் உண்டு. ஓட்டக்காரரின் தசைக்கு முக்கியமான எரிபொருளே மாவுச்சத்துதான். அதை வெட்டிவிட்டால் மைதானத்தில் பாதி நேரத்திலேயே கால் தளர்ந்துவிடும்.

இரண்டாவது ஷீட்: எவ்வளவு சாப்பிடுகிறார்?

திரையின் அடியில் உள்ள கூட்டல் குறியை கிளிக் செய்தால் புதிய ஷீட் கிடைக்கும். முதல் வரிசையில் ஏ1 தொடங்கி, உணவு, அளவு (கிராம்), 100 கிராமில் கலோரி, 100 கிராமில் புரதம், கலோரி, புரதம் என ஆறு தலைப்புகள் தரவும்.

பின் இ2 செல்லில் =பி2*சி2/100 எனவும், எஃப்2 செல்லில் =பி2*டி2/100 எனவும் அமைக்கவும். இந்த இரண்டு செல்களையும் செலக்ட் செய்தால் வலது கீழ் மூலையில் சின்னச் சதுரம் ஒன்று தெரியும். அதை மவுஸால் பிடித்து 29ஆவது வரிசை வரை இழுத்து விடவும். பார்முலா எல்லா வரிசைக்கும் தானாக அமைந்துவிடும். ஒவ்வொன்றாக டைப் செய்ய வேண்டியதில்லை. அடுத்து இ30ல் கிளிக் செய்து, ஆட்டோசம் பட்டனை அழுத்தி, இ2 முதல் இ29 வரை மவுஸால் இழுத்து என்டர் தட்டவும். எஃப்30லும் இதையே செய்திடவும். மொத்தம் தயார்.

சமைத்த பின் எடை போட்டால் தண்ணீரின் எடையும் சேர்ந்துவிடும். எனவே அரிசி, பருப்பைச் சமைக்கும் முன்பே எடை போட்டு, அதில் அவருடைய பங்கை மட்டும் எழுதவும். நம் இளைஞர் ஒரு நாளில் சாப்பிடுவது இது என்று வைத்துக் கொள்வோம். அடைப்புக்குறிக்குள் இருப்பவை 100 கிராமில் உள்ள கலோரியும் புரதமும், ஏறத்தாழ.

அரிசி 300 கிராம் (356, 8)
உளுந்து 30 கிராம் (324, 23)
துவரம்பருப்பு 40 கிராம் (331, 22)
பசும்பால் 200 கிராம் (73, 3.3)
முட்டை இரண்டு, 100 கிராம் (135, 13)
எண்ணெய் 30 கிராம் (900, 0)
சர்க்கரை 30 கிராம் (400, 0)
காய்கறி 200 கிராம் (30, 1.5)
வாழைப்பழம் 100 கிராம் (110, 1.2)

பார்த்தால் காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதம், இரவு தோசை, இரண்டு முட்டை, பால், பழம் என்று நிறைவான சாப்பாடுதான். "என் பிள்ளை நன்றாகத்தான் சாப்பிடுகிறான்" என்று எந்த அம்மாவும் சொல்வார். ஆனால் 30ஆவது வரிசையைப் பாருங்கள். 2139 கலோரி, 63.5 கிராம் புரதம். நமக்கு வேண்டியதோ 3135 கலோரியும் 96 கிராம் புரதமும். தினமும் ஆயிரம் கலோரி துண்டு விழுகிறது! தட்டைப் பார்த்தால் தெரியாத இந்தப் பள்ளத்தைக் காட்டத்தான் கம்ப்யூட்டர் வேண்டியிருக்கிறது.

மற்ற உணவுகளின் அளவுகளை இன்டர்நெட்டில் தேடும்போது, ஏதோ ஒரு தளத்தில் கிடைப்பதை நம்பி எழுத வேண்டாம். மேலே சொன்ன ஐதராபாத் நிறுவனம், 528 இந்திய உணவுப் பொருட்களைச் சோதித்து 2017ஆம் ஆண்டு அட்டவணையாக வெளியிட்டுள்ளது. கேழ்வரகு, முருங்கைக்கீரை என நம் சமையலறைப் பொருட்கள் அதில் உண்டு.

பள்ளத்தை நிரப்புவது எப்படி?

இதே ஷீட்டில் காலியாக உள்ள வரிசைகளில் கீழ்க்கண்டவற்றைச் சேர்த்துப் பார்க்கவும்.

நிலக்கடலை 50 கிராம் (520, 24)
கொண்டைக்கடலை 50 கிராம் (287, 19)
பால் இன்னும் 300 கிராம் (73, 3.3)
வாழைப்பழம் இன்னும் 200 கிராம் (110, 1.2)
அரிசி இன்னும் 50 கிராம் (356, 8)

மொத்தம் 3159 கலோரி, 101 கிராம் புரதம் என மாறிவிடும். விலை உயர்ந்த பவுடர் டப்பா எதுவும் இல்லை. எல்லாமே மளிகைக் கடையிலும் பால் பூத்திலும் கிடைப்பவை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும், உடலைத் தேற்றுவதற்காக புரத பவுடர்களை நம்ப வேண்டாம் என்றே சொல்கிறது. மாவுச்சத்தையும் பார்க்க விரும்பினால் இதே முறையில் இன்னும் இரண்டு நெட்டு வரிசை சேர்க்கலாம்.

இவ்வளவையும் மூன்றே வேளையில் அடைத்தால் வயிறு தாங்காது. ஐந்து வேளையாகப் பிரிக்கவும். பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன் வாழைப்பழம் போல எளிதில் செரிப்பது ஏதாவது. பயிற்சி முடிந்தவுடன் பாலும் பழமும், அல்லது சுண்டலும் முட்டையும். மாலைப் பயிற்சி முடிந்து வருபவரை ஒன்பது மணி இரவுச் சாப்பாடு வரை பட்டினி போட வேண்டாம். சாப்பாட்டை ஒரே நாளில் இவ்வளவு கூட்டாமல், இரண்டு வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது நல்லது.

மூன்றாவது ஷீட்: உடலே சொல்லும் பதில்

யூகத்தில் தொடங்கிய எண்ணைச் சரி செய்வது இந்த ஷீட்தான். தேதி, காலை எடை, பயிற்சிக்கு முன் எடை, பயிற்சிக்குப் பின் எடை, களைப்பு என ஐந்து தலைப்புகள் தரவும். கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு அரைப்புள்ளிக் கீயைத் தட்டினால் அன்றைய தேதி தானாக வந்துவிடும். காலையில் எழுந்து, கழிப்பறை சென்று வந்த பின், எதுவும் சாப்பிடும் முன் எடை பார்க்கவும். களைப்புக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். நன்றாக இருந்தால் 1, எழவே முடியவில்லை என்றால் 5.

எடை தினமும் அரைக் கிலோ, முக்கால் கிலோ ஏறி இறங்கும். அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். ஏழு நாள் ஆனதும் ஆட்டோசம் பட்டன் அருகில் உள்ள சிறு அம்புக்குறியை கிளிக் செய்து, ஆவரேஜ் என்பதைத் தேர்ந்தெடுத்து அந்த வாரச் சராசரியை எடுக்கவும். இரண்டு, மூன்று வாரச் சராசரிகளை ஒப்பிட்டால் நிலவரம் புரியும். தேதி, எடை இரண்டையும் செலக்ட் செய்து இன்சர்ட் மெனு மூலம் லைன் சார்ட் போட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

சராசரி இறங்கிக் கொண்டே போனால் நாளுக்கு 200 முதல் 300 கலோரி கூட்டவும். நிலையாக இருந்து, களைப்பு மதிப்பெண்ணும் குறைவாக இருந்தால் அந்த அளவே அவருக்குச் சரியானது. தேவையில்லாமல் ஏறினால் சிறிது குறைக்கவும். எடை நிலையாக இருந்தும் களைப்பு மட்டும் 4, 5 என்று தொடர்ந்தால் தூக்கம், ஓய்வு நாட்கள், ரத்தசோகை ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் பார்க்கும் எடை தண்ணீர்க் கணக்குக்கு. ஒரு கிலோ குறைந்தால் உடல் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரை இழந்திருக்கிறது என்று பொருள். எடையில் 2 சதவீதத்திற்கு மேல், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 1.2 கிலோவுக்கு மேல் குறையாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். உப்புப் போட்ட மோரும் கஞ்சியும் இதற்கு நல்ல பானங்கள். பயிற்சிக்குப் பின் எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் தண்ணீர் குடித்திருக்கிறார்; அதுவும் ஆபத்தே.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

மாதவிலக்கு தொடர்ந்து மூன்று மாதம் வராவிட்டால், கால் எலும்பில் ஒரே இடத்தில் வலி நீடித்தால், மயக்கம் வந்தால், எடை நிற்காமல் இறங்கினால் ஷீட்டை மூடிவிட்டு டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. பள்ளிப் பிள்ளைகள் வளரும் வயதினர். இந்தச் சூத்திரம் பெரியவர்களுக்கானது என்பதால் அவர்களுக்குப் பயன்படுத்த வேண்டாம். கணக்குப் பார்ப்பதே ஒருவருக்குச் சாப்பாட்டின் மேல் பயத்தை உண்டாக்கினால், உடனே நிறுத்திவிடவும்.

பைலைப் பாதுகாக்கவும்

எடை, உடல்நிலை போன்றவை சொந்த விஷயங்கள். இவற்றை ஏதோ ஒரு தளத்தில் பதிவதைவிட நம் கம்ப்யூட்டரிலேயே வைத்துக் கொள்வது நல்லது. பலரும் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்றால் பைலுக்கு பாஸ்வேர்ட் தரலாம். எக்ஸெல்லில் பைல் மெனு சென்று, இன்ஃபோ, புரொடெக்ட் ஒர்க்புக், என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட் எனச் செல்லவும். கால்க் புரோகிராமில் சேவ் ஆஸ் விண்டோவில் சேவ் வித் பாஸ்வேர்ட் என்பதன் முன் டிக் அடையாளம் ஏற்படுத்தவும். பாஸ்வேர்ட் மறந்தால் பைலைத் திறக்க முடியாது என்பதால் எழுதி வைக்கவும். வாரம் ஒருமுறை பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வைப்பதும் அவசியம்.

மூன்று ஷீட்டையும் அமைக்க ஒரு மணி நேரம் போதும். அதன் பின் தினமும் ஐந்து நிமிட வேலைதான். பார்முலா, ஆட்டோசம், ஆவரேஜ், சார்ட் என்று ஸ்ப்ரெட்ஷீட்டின் முக்கிய வசதிகள் எல்லாம் இதிலேயே பழகிவிடும். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள். முதலில் வீட்டு அரிசியை எடை போடுங்கள்.